உப்புத்தாள் காட்டும் வெளிச்சம்



திருவிழாக் கடைகளில் ஒளிரும் வாள் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். பொத்தானை அமுக்கியதும் பிடியிலிருந்து நுனிவரை நீலமோ சிவப்போ சீராகப் பரவும். 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படம்தான் இந்த வாளை உலகமெங்கும் பிரபலமாக்கியது. அந்தப் படத்தில் வாளின் பிரகாசத்தைப் படம் பிடித்த பிறகு ஃபிலிமில் சேர்த்தார்கள். கையில் பிடிக்கும் வாளுக்கு அந்த வசதி கிடையாது. அதில் இருப்பதெல்லாம் பேட்டரி, எல்.இ.டி. விளக்கு, பிளாஸ்டிக் குழாய். ஆகவே, குழாய்தான் ஒளிர்ந்தாக வேண்டும்.

அப்படியென்றால் கண்ணாடிபோலத் தெளிவான குழாய்தானே நல்லது? இல்லை! தெளிவான குழாயின் அடியில் விளக்கை வைத்தால் நுனி மட்டும் பளிச்சென்று தெரியும். நடுப்பகுதி ஏறக்குறைய இருட்டாகவே இருக்கும். அதனால்தான் இந்த வாளைச் சொந்தமாகச் செய்கிறவர்கள் தெளிவான குழாயை வாங்கி, உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்குகிறார்கள். மங்கலாக்கினால்தான் ஒளிர்கிறது!

ஏன் இப்படி?

ஒரு பொருள் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், அதிலிருந்து புறப்படும் ஒளி நம் கண்ணுக்கு வந்து சேர வேண்டும். தெளிவான குழாயில் ஒளி நீளவாக்கில் போகிறது. சுவரில் பட்டாலும் ஒரு பகுதி வழுக்கியதுபோல் முன்னோக்கித் திரும்புகிறது. மீதி சுவரைத் தாண்டி, கிட்டத்தட்ட அதே திசையில் வெளியேறிவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் உங்களை நோக்கி ஏறக்குறைய எதுவும் வருவதில்லை.

உப்புத்தாளால் தேய்த்ததும் சுவரில் ஆயிரக்கணக்கான கீறல்கள் விழுகின்றன. ஒவ்வொரு கீறலும் ஒரு குட்டிச் சரிவு. வழவழப்பான சிமென்ட் தரையில் பந்தை எறிந்தால் அது எந்தப் பக்கம் எழும்பும் என்று சொல்லிவிடலாம். ஜல்லி கொட்டிய சாலையில் எறிந்தால் சொல்ல முடியுமா? கீறல்களில் பட்ட ஒளியும் அப்படித்தான் நாலாபுறமும் சிதறுகிறது. குழாயின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கொஞ்சம் ஒளி உங்கள் கண்ணுக்கு வருகிறது. இதற்கு 'ஒளிச்சிதறல்' என்று பெயர். ஒளி அதிகமாகவில்லை, திசைதான் மாறியது.

தேய்ப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. உப்புத்தாளின் பின்புறம் நம்பர் இருக்கும். நம்பர் கூடக்கூட மணல் நுண்மையாகும். முதலில் 220, பிறகு 400 என்று போனால் கீறல் சீராக விழும். ஒரே திசையில் தேய்த்தால் ஒளியும் ஒரு பக்கமாகவே விரிந்து, வரிவரியாகத் தெரியும். அதனால் நீளவாக்கிலும் சுற்றுவாக்கிலும் மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். விளக்குக்கு அருகில் லேசாகவும் நுனிப்பக்கம் அழுத்தமாகவும் தேய்ப்பது இன்னும் நல்லது. விளக்குக்கு அருகில் ஒளி ஏராளம். தூரம் போகப்போகக் குறையும். ஓரத்தில் விளக்கு வைத்த எல்.இ.டி. டி.வி.களிலும் இதே உத்திதான்: திரைக்குப் பின்னால் இருக்கும் பலகையில் ஒளியைச் சிதறடிக்கும் புள்ளிகளை, விளக்கிலிருந்து விலக விலக நெருக்கமாக அமைக்கிறார்கள்.

ஒடுகத்தூரைச் சுற்றி

வேலூர் மாவட்டத்தின் ஒடுகத்தூர்ப் பிள்ளைகள் இந்த அறிவியலைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஒரு பக்கம் ஆம்பூர் தோல் தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். இரண்டிடமும் தேய்ப்பின் பெருமையைச் சொல்லும்.

பதனிட்ட தோலை எமரித்தாள் சுற்றிய உருளையில் கொடுத்துத் தேய்ப்பதை டேனரிகளில் 'பஃபிங்' என்பார்கள். முடி இருந்த பக்கத்தை இப்படித் தேய்த்தால் பளபளப்பு போய் வெல்வெட் மாதிரி ஆகிவிடும். அதுதான் 'நூபக்' தோல். அதன்மேல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும். சாயம் மாறவில்லை. நுண்ணிய நார்கள் சாய்ந்துகொண்டதால், ஒளி திரும்பும் திசைதான் மாறியது. எதிர்ப்பக்கம் தடவினால் கோடு மறைந்துவிடும்.

காவலூரில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே இருக்கும் வைனு பாப்பு தொலைநோக்கி 1986-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் முதன்மை ஆடியின் குறுக்களவு 2.34 மீட்டர். அதைத் தேய்த்து உருவாக்கியது பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். இத்தகைய ஆடியை முதலில் சொரசொரப்பான பொடியும் நீரும் விட்டுத் தேய்ப்பார்கள். அப்போது கண்ணாடி நம் குழாயைப் போலவே வெளுத்துத் தெரியும். பிறகு நுண்மையான பொடி, அதைவிட நுண்மையான பொடி என்று மாற்றி, கடைசியில் மெருகேற்றுவார்கள். 400 நம்பர் தாளின் மணல் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 30-ல் ஒரு பங்கு. பச்சை ஒளியின் அலைநீளமோ மில்லிமீட்டரில் சுமார் 2000-ல் ஒரு பங்குதான்! மேடுபள்ளங்கள் இந்த அலைநீளத்தைவிட மிகச் சிறியதாகும்வரை தேய்த்தால்தான் நட்சத்திரத்தின் ஒளி சிதறாமல் ஒரே புள்ளியில் குவியும். தோலுக்கு ஒளியைக் கலைப்பது அழகு. ஆடிக்கு ஒளியைக் கலைக்காமல் இருப்பதே உயிர். எந்த வேலைக்கு எவ்வளவு சொரசொரப்பு என்று தெரிந்து தேய்ப்பதுதான் திறமை.

செய்து பாருங்கள்

நீங்கள் குழாயைத் தேடி அலைய வேண்டாம். தெளிவான பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று போதும். பழைய ஸ்கேலாக எடுங்கள்! 400 நம்பர் 'வாட்டர் பேப்பர்' என்னும் உப்புத்தாள் துண்டை நனைத்து, ஸ்கேலின் நடுவில் நட்சத்திர வடிவில் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். இருட்டறையில் ஸ்கேலின் ஒரு முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். தெளிவான இடம் இருளாக இருக்க, நட்சத்திரம் மட்டும் ஒளிரும்.

இப்போது நட்சத்திரத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தடவுங்கள். மங்கிவிடும்! காய்ந்ததும் திரும்ப ஒளிரும். ஒளி வளைவது இரு பொருள்களின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தால். காற்றுக்கு அந்த எண் சுமார் 1, தண்ணீருக்கு 1.33, அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கு 1.49. பள்ளங்களில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிரம்பினால் வித்தியாசம் சுருங்குகிறது, சிதறலும் குறைகிறது.

கவனம்: தாளை நனைத்தே தேய்த்தால் பிளாஸ்டிக் தூசி பறக்காது. தேய்க்கும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். பேட்டரி விளக்கு மட்டும் போதும்; வீட்டு மின்சாரம் வேண்டவே வேண்டாம். கண்ணாடிக் குழாயைத் தொடாதீர்கள். எரியும் எல்.இ.டி.யை நேராக உற்றுப் பார்க்காதீர்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு புதிர். வடை மடித்துக் கொடுத்த வெள்ளைக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால், எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளியை அதிகமாக விடுகிறதே, ஏன்? காகிதம் என்பது நார்களும் அவற்றுக்கு நடுவே காற்றும்தான். ஸ்கேலில் தண்ணீர் செய்த வேலையை இங்கே செய்வது யார்? யோசித்து உங்கள் அறிவியல் டீச்சரிடம் விடை சொல்லுங்கள்.