பெயர்ப்பலகையை மாற்றினால் போதுமா?

கல்விக்கூடம் ஒன்றுக்கு ஒருவருடைய பெயரைச் சூட்டும்போது, அங்கே படிக்க வரும் பிள்ளைகளுக்கு நாம் ஒரு செய்தியைச் சொல்கிறோம்: "இவரைப் போல நீயும் வளர்ந்து வா." அப்படிப் பெயர் சூட்டப்பட்டவர் மனிதரை விலைக்கு விற்றவர் என்றால் என்ன செய்வது? அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டுமா, இருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டுமா? அமெரிக்க ஐக்கிய நாட்டில் பல ஆண்டுகளாகத் தொடரும் விவாதம் இது. கத்தோலிக்கராகிய நாம் இதைத் தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்க முடியாது. ஏனெனில், இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடங்களுள் ஒன்று, நம் திருச்சபையின் கல்விக்கூடம்.

வாஷிங்டன் நகரில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1789ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அந்நாட்டின் மிகப் பழைய கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனம் இதுவே. இயேசு சபைக் குருவான தாமஸ் மல்லெடி 1829 முதல் 1837 வரை அதன் தலைவராக இருந்தார். அவர் காலத்தில் புதிய கட்டடங்கள் எழுந்தன, கடனும் ஏறியது. பின்னர் அவர் மேரிலாந்து இயேசு சபையின் மாநிலத் தலைவரானார். 1838ஆம் ஆண்டு, சபையின் தோட்டங்களில் உழைத்த 272 கறுப்பின அடிமைகளை லூசியானாவின் தோட்ட முதலாளிகளுக்கு 1,15,000 டாலருக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். கைக்குழந்தைகளும் முதியவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அவர்களுள் பலர் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். கிடைத்த பணத்தில் ஒரு பகுதி கல்லூரியின் கடனை அடைக்கச் சென்றது.

பிற்காலத்தில் கல்லூரிக் கட்டடம் ஒன்று 'மல்லெடி கூடம்' என்ற பெயரைப் பெற்றது. விற்பனையில் உடனிருந்த மற்றொரு குருவான வில்லியம் மெக்ஷெரியின் பெயரும் வேறொரு கட்டடத்திற்கு இருந்தது. விற்கப்பட்டவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

பெயர் மாற்றத்தை எதிர்ப்பவர்கள் பொதுவாக இரண்டு காரணங்களைச் சொல்கிறார்கள். இரண்டையும் நாம் மதித்துக் கேட்க வேண்டும்.

முதலாவது, "அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா?" என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் மல்லெடியை அந்தக் காலமே அளந்து பார்த்தது. உரோமையிலிருந்த இயேசு சபை உலகத் தலைவர் யான் ரூதான், இந்த விற்பனைக்கு நிபந்தனைகள் விதித்திருந்தார். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது. விற்கப்படுவோர் தங்கள் விசுவாச வாழ்வைத் தொடர வழி இருக்க வேண்டும். பணத்தைக் கடன் அடைக்கப் பயன்படுத்தக் கூடாது. இவை காக்கப்படவில்லை. உடனிருந்த இயேசு சபையினர் சிலரே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மல்லெடி பதவியிலிருந்து விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டே, 1839 டிசம்பரில், திருத்தந்தை பதினாறாம் கிரகோரி அடிமை வணிகத்தைக் கண்டித்துத் திருமடல் வெளியிட்டார். ஆகவே, "அன்று யாருக்கும் தெரியாது" என்று நாம் சொல்ல இயலாது.

ஆனால் ஒன்றையும் மறக்கக் கூடாது. ரூதானின் நிபந்தனைகளும் விற்பனையை அனுமதித்த நிபந்தனைகள்தாம். பாவம் ஒரு மனிதரோடு முடிந்துவிடவில்லை.

இரண்டாவது, "பெயரை எடுத்தால் வரலாறு அழிந்துவிடும்" என்ற அச்சம். இங்கே நாம் ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். நினைவு வேறு, மரியாதை வேறு. கட்டடத்தின் நெற்றியில் எழுதப்படும் பெயர் மரியாதை. வரலாற்றுக்கு இடம் வகுப்பறையிலும் நூல்களிலும் ஆவணக் காப்பகத்திலும் உண்டு. ஜார்ஜ்டவுனில் நடந்தது இதற்குச் சான்று. மல்லெடியின் பெயர் சுவரில் இருந்த காலத்தில் அந்த விற்பனையைப் பற்றி அறிந்தவர் சிலரே. பெயரைப் பற்றிய விவாதம் எழுந்த பிறகுதான் உலகமே அறிந்தது.

2015ஆம் ஆண்டு, பல்கலைக்கழகத் தலைவர் ஜான் டிஜோயா இதைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தார். அவ்வாண்டு நவம்பரில் மாணவர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்த, இரண்டு பெயர்களும் அகற்றப்பட்டன. 2017 ஏப்ரல் 18 அன்று புதிய பெயர்கள் சூட்டப்பட்டன. ஒரு கட்டடத்திற்கு ஐசக் ஹாக்கின்ஸ் பெயர். 1838ஆம் ஆண்டு விற்பனைப் பட்டியலில் முதலாவதாக எழுதப்பட்டிருந்த பெயர் ஐசக். மற்றொன்றுக்கு ஆன் மரி பெக்ராஃப்ட் பெயர். ஜார்ஜ்டவுன் பகுதியில் கறுப்பினச் சிறுமியருக்காகப் பள்ளி நடத்தி, பின்னர் துறவறம் புகுந்த பெண்மணி அவர்.

அன்று நடந்த வழிபாட்டில், விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். அவர்கள் முன்னிலையில் இயேசு சபையின் சார்பில் அருட்தந்தை திமோத்தி கெசிக்கி பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புக் கோரினார்.

இறைவாக்கினர் எசாயாவின் நூலில், ஆண்டவர் தம் மக்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவர்கள் தமக்கு உரியவர்கள் என்கிறார். விலைப்பட்டியலில் எழுதப்பட்ட ஒரு பெயர், 179 ஆண்டுகளுக்குப் பின் மரியாதைக்குரிய இடத்தில் எழுதப்பட்டது சிறிய காரியம் அல்ல.

ஆயினும் அதுவே போதுமா? வழித்தோன்றல்கள் சிலர் இதைத்தான் கேட்டார்கள். பல்கலைக்கழகம் அமைத்த குழுவில் தொடக்கத்தில் தங்களுக்கு இடம் இல்லையே என்று வருந்தினார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஒப்புரவு அருட்சாதனத்தில் மனம் வருந்துதலும் பாவ அறிக்கையும் மட்டும் போதாது, பரிகாரமும் வேண்டும் என்று நாம் சிறு வயதிலேயே கற்றிருக்கிறோம். சக்கேயு ஆண்டவரை வீட்டிற்கு வரவேற்றதோடு நிற்கவில்லை. உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தரவும் முன்வந்தார்.

பரிகாரம் மெல்ல மெல்லத்தான் வந்தது. வழித்தோன்றல்களுக்கு மாணவர் சேர்க்கையில் சலுகை தரப்படும் என்று 2016இல் அறிவிக்கப்பட்டது. 2019இல், வழித்தோன்றல்களின் நலனுக்காகப் பருவம் ஒன்றுக்கு 27 டாலர் 20 சென்ட் கட்டணம் செலுத்த மாணவர்களே வாக்களித்தார்கள். 272 பேரை நினைவூட்டும் தொகை அது. பல்கலைக்கழகம் அதைக் கட்டாயக் கட்டணமாக்காமல், நன்கொடை திரட்டும் வழியைத் தேர்ந்துகொண்டது. 2021இல், வழித்தோன்றல்களோடு இணைந்து அமைத்த அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் திரட்டுவதாக அமெரிக்க இயேசு சபையினர் உறுதியளித்தார்கள்.

மனமாற்றமும் உரையாடலும் இல்லாமல் பலகையை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? 2021 ஜனவரியில், சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்வி வாரியம் 44 பள்ளிகளின் பெயர்களை மாற்ற வாக்களித்தது. அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த ஆபிரகாம் லிங்கனின் பெயரும் அதில் அடக்கம். ஆய்வில் வரலாற்றுப் பிழைகள் இருப்பதாகக் கண்டனம் எழவே, ஏப்ரல் மாதம் அந்த முடிவு கைவிடப்பட்டது. வர்ஜீனியா மாநிலத்தின் ஷெனாண்டோவா மாவட்டத்தில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதிகளின் பெயர்கள் 2020இல் இரண்டு பள்ளிகளிலிருந்து எடுக்கப்பட்டன. ஊராரைக் கேட்கவில்லை என்ற மனக்குறை அடங்கவில்லை. 2024 மே மாதம், வாரியம் பழைய பெயர்களையே திரும்ப வைக்க வாக்களித்தது. ஊரோடு பேசி உண்மையை விளங்க வைக்காத மாற்றம் நிலைப்பதில்லை.

2000ஆம் யூபிலி ஆண்டில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அதனால் திருச்சபை சிறுமைப்படவில்லை. உண்மையை ஒத்துக்கொள்ள அஞ்சாத தாயாகவே விளங்கியது.

லூசியானாவில் மாரிங்குவின் என்றொரு சிற்றூர் உண்டு. விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பலர் அங்கே வாழ்கிறார்கள். அவர்களுள் பலர் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். குருக்கள் தங்களை விற்ற பின்னும், அந்த மக்கள் விசுவாசத்தை விற்கவில்லை! யாருடைய பெயரை நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக வைப்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

நம் ஆலயங்களிலும் பள்ளிகளிலும் கல்வெட்டுகள் உண்டு. கொடுத்தவர் பெயர், கட்டியவர் பெயர், திறந்துவைத்தவர் பெயர் எல்லாம் அங்கே இருக்கும். அவற்றின் முன் ஒரு நிமிடம் நின்று பார்ப்போம். யாருடைய பெயர் அங்கே விடுபட்டிருக்கிறது?