பெரியவர்களுக்கு ஒரு பிரயாண வீடு

வயது ஏற ஏற யாத்திரை ஆசை குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள், முதியோருடன் மனம்விட்டுப் பேசிப் பாராதவர்கள். குறைவது கால்களின் பலமே தவிர, ஆசை அல்ல. ராமேசுவரமும் திருவரங்கமும் நவதிருப்பதியும் அவர்கள் மனத்தில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால், "போய் வரலாமா?" என்று பிள்ளைகள் கேட்டால், "எனக்கு எதற்கப்பா? நீங்கள் போய் வாருங்கள்" என்று பாட்டி சொல்லிவிடுகிறாள். அந்தப் பதிலுக்கு வைராக்கியம் காரணம் அன்று. வழியில் கழிப்பிடம் எங்கே இருக்குமோ, எப்படி இருக்குமோ என்ற பயந்தான் காரணம். புறப்படும் தினத்தன்று விடியற்காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். நமது வெயிலில் முதிய தேகத்துக்கு அது பெரிய ஆபத்து.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாகச் சில குடும்பங்கள் இப்போது கேரவனை நாடுகின்றன. கேரவன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பின் நடுவே இளைப்பாறும் வண்டிதான். படுக்கை, கழிப்பறை, சிறு சமையலிடம் எல்லாம் அடங்கிய அந்தச் சக்கர வீட்டைப் பொதுஜனங்களின் பிரயாணத்துக்கும் பயன்படுத்தலாம் என்று கேரள அரசு 2021ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வகுத்தது. மறு வருஷமே வாகமண் மலையில் அத்தகைய வண்டிகள் தங்குவதற்கென்று ஒரு பூங்காவும் ஏற்பட்டது. அத்திட்டத்துக்காக வந்த வண்டிகளில் ஒன்று பாரத்பென்ஸ் 1017 என்னும் சேஸிஸின் மீது கட்டப்பட்டது. பாரத்பென்ஸ் வண்டிகள் பிறக்குமிடம் நமது ஒரகடம்.

ஒரகடத்தில் பிறக்கும் எலும்புக்கூடு

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரை அடைந்து, அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் சாலையில் திரும்பினால் ஒரகடம் வரும். ஏரியும் வயலுமாக இருந்த அப்பிரதேசம் இன்று மோட்டார் நாடாக மாறியிருக்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. டயர் செய்யும் ஆலையும் அங்கே உண்டு. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டைம்லர் கம்பெனியின் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலை அங்கே தொடங்கிற்று. 2015 முதல் பஸ்களுக்கும் அங்கே இடம் ஏற்பட்டது.

1017 என்ற எண்ணுக்கு அர்த்தம் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள், சுமையோடு சேர்ந்து வண்டி சுமார் 10 டன் எடை என்பதைக் காட்டுகின்றன; பின் இரண்டு இலக்கங்கள் 170 குதிரைச் சக்தியைக் காட்டுகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் ஸ்ரீராமாநுஜர் அவதரித்த வருஷமும் 1017 என்பது மரபு. தற்செயலான பொருத்தம்தான், ஆயினும் யாத்திரை வண்டிக்கு இதைவிட நல்ல எண் கிடைப்பது அரிது.

சேஸிஸ் என்பது என்ஜினும் சக்கரங்களும் கூடிய எலும்புக்கூடு. அதன்மேல் சுவரும் கூரையும் அறைகளும் அமைப்பது பாடி கட்டும் பட்டறைகளின் வேலை. பஸ் பாடி கட்டுவதில் நம் கரூர் பெயர்பெற்ற ஊர் என்பதை அனைவரும் அறிவர். ஆகவே, கேரவன் வாங்குவதென்பது கார் வாங்குவதைப் போல, கடையில் நிற்பவற்றில் ஒன்றைக் கைகாட்டுவதன்று. அது பெரும்பாலும் சொல்லிச் செய்விக்கும் பண்டம். சொல்லிச் செய்விப்பது என்றால், தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பது போல, அதில் போகப்போகும் பெரியவர்களை முதலில் அளந்துகொள்ள வேண்டும் அல்லவா? நம் நாட்டில் இதுவே தலைகீழாக நடக்கிறது. பெரிய டெலிவிஷன், வண்ண விளக்குகள், தோல் மெத்தை எல்லாவற்றையும் பிள்ளைகள் பார்த்துப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான் தாத்தாவால் அதில் ஏற முடியவில்லை என்பது தெரிகிறது.

பிரயாண சுகத்துக்கென்றே கேரவன் கட்டும் வழக்கத்தின் தொடக்கத்தை நோக்கினாலும் இந்தப் பாடமே கிடைக்கிறது. ஆங்கிலக் கடற்படையில் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் பிரிஸ்டல் நகரத்துப் பட்டறை ஒன்றில் தமக்கென்று ஒரு வீட்டு வண்டி செய்வித்துக்கொண்டு, 1885இல் இரண்டு குதிரைகள் பூட்டி ஸ்காட்லாந்து வரையில் பிரயாணம் செய்தார். பிரயாணிக்காக வண்டி செய்யப்பட்டதே தவிர, வண்டிக்காகப் பிரயாணி வளைந்துகொடுக்கவில்லை.

முதல் பரீட்சை: படி

பஸ் சேஸிஸின் மேல் கட்டிய வண்டியின் தரைத்தளம் பூமியிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று படிகள் வைத்தால் ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர். முழங்கால் வலியுள்ளவருக்கு அது மலை. பெரியவர்களுக்கு ஏற்ற படி 15 சென்டிமீட்டர். அப்படியானால் ஆறு படிகள் வேண்டும். மடக்கி உள்ளே தள்ளக்கூடிய படிகள் இருந்தால் இது சாத்தியமே. இரு பக்கமும் கைப்பிடி, அதுவும் தரையில் நிற்கும்போதே கைக்கு எட்டும்படி, அவசியம் இருக்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்குச் சரிவுப் பலகை போதும் என்று சில விற்பனைக்காரர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். பாதுகாப்பான சரிவு என்பது ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம். 90 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பலகை 10.8 மீட்டர் நீளம் வேண்டும்! அநேகமாக வண்டியே அவ்வளவு நீளம் இராது. ஆகையால் சக்கர நாற்காலிக்காரருக்கு மின்சாரத்தால் ஏறி இறங்கும் மேடையே வழி. வாசற்கதவும் உள் நடையும் நாற்காலியின் அகலத்துக்கு இடம் தர வேண்டும். சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024இல் தாழ்தளப் பஸ்களை விட்டபோது, முதியோர் பஸ் ஏறுவது எவ்வளவு சுலபமாகக்கூடும் என்பதை நகரவாசிகள் கண்டார்கள். அந்தச் சுலபத்தை நம் வண்டியிலும் கேட்பதில் தவறில்லை.

படுக்கையும் குலுக்கலும்

படுக்கையின் உயரம் 45 முதல் 50 சென்டிமீட்டர் வரையில் இருக்கலாம். விளிம்பில் உட்கார்ந்தால் பாதங்கள் தரையில் பதிய வேண்டும். அப்போதுதான் பிறர் உதவியின்றி எழுந்திருக்க முடியும். ஏணி வைத்து ஏறும் மேல்தட்டுப் படுக்கையைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம். படுக்கை வண்டியின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதும் முக்கியம். பின்சக்கரத்துக்கும் பின்னால் நீண்டிருக்கும் பகுதியிலேதான் குலுக்கல் அதிகம். கடைசி வரிசையில் உட்கார்ந்து பஸ்ஸில் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட பாகமே முதுகுக்கு இதமானது. இரும்புப் பட்டை வில்லைக் காட்டிலும் காற்றுப்பை வில் குலுக்கலை நன்றாகத் தாங்கும், விலையும் கூடும். ஓடும் வண்டியில் யாரும் படுத்திருக்கலாகாது. முன்னோக்கிய ஆசனத்தில் பட்டி மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு முறை வண்டியை நிறுத்திச் சிறிது நடக்க வேண்டும்.

கழிப்பறை, தண்ணீர், மின்சாரம்

கழிப்பறையே இந்த வண்டியின் இருதயம். படுக்கையிலிருந்து அதற்குப் போகும் வழியில் பிடித்துக்கொள்ள ஏதேனும் ஒன்று இடைவிடாமல் கைக்கு அகப்பட வேண்டும். நடுவே உயர்ந்த நிலைப்படி கூடாது. தரை வழுக்கலாகாது. இரவெல்லாம் எரியும் மங்கலான விளக்கு ஒன்று காலடியில் வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் தேகமே தடுத்துவிடும்.

கழிவு எங்கே போகிறது, அதை அகற்றுபவர் யார் என்ற கேள்வியை வாங்குவோர் பெரும்பாலும் கேட்பதே இல்லை. சிறிய பெட்டியில் சேர்த்து எடுத்துக் கொட்டும் ஏற்பாடு ஒன்று உண்டு. நிறைந்தால் அது 20 கிலோ வரை கனக்கும். அதை முதியவர் தூக்க முடியாது. கூலிக்கு ஓர் ஏழையைப் பிடித்துக் கொட்டச் சொல்வதும் தகாது. மனிதர் கழிவை மனிதரே அள்ளும் வேலைக்கு ஆள் அமர்த்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நம் பெரியவர்களின் சௌகரியம் இன்னொருவருடைய அவமானத்தின் மேல் எழலாகாது. மூடிய தொட்டியிலிருந்து குழாய் மூலமாகவே கழிவுநீர் லாரிக்கு மாற்றும் ஏற்பாடுள்ள வண்டியையே கேட்டு வாங்க வேண்டும்.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. 200 லிட்டர் தொட்டி நிரம்பினால், மூன்று பெரிய மனிதர்கள் கூடுதலாக ஏறிக்கொண்டது போல. ஒருவர் குளிக்க 15 லிட்டர் வாளி ஒன்று என்றால், நான்கு பேருக்கு 60 லிட்டர் ஒரே காலையில் தீர்ந்துவிடும். மின்சாரக் கணக்கும் இப்படியே. 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி கொண்ட சாதாரண ஈயப் பாட்டரியில் 2,400 வாட்-மணி அடங்கும். பாட்டரி கெடாமல் இருக்க அதில் பாதிதான் செலவழிக்கலாம். 1,200 வாட் குளிர்சாதனம் அதில் ஒரு மணி நேரமே ஓடும். இரவு முழுவதும் குளிர்ச்சி வேண்டுமானால், தங்குமிடத்தில் மின்சார இணைப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிப்பது நலம். ஆனால் குளிர்சாதனம் நின்றாலும் குளிர்ப்பெட்டி நிற்கக்கூடாது. வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்தால், திறக்காத இன்சுலின் புட்டிகளை 2 முதல் 8 டிகிரி வெப்பத்துக்குள் வைக்க வேண்டும். குளிர்ப்பெட்டிக்கென்று தனிப் பாட்டரி கேளுங்கள்.

ஓட்டுவது யார்?

மேனாடுகளில் காரின் பின்னால் கட்டி இழுக்கும் கேரவன் மிகுதி. நமக்கு அது பொருந்தாது என்பது நம் அபிப்பிராயம். அதைக் காரோடு பூட்டவும் கழற்றவும் குனிந்து நிமிர வேண்டும். கோயில் தெருவில் பின்னோக்கி எடுப்பது பெரும்பாடு. ஓடும்போது அதனுள் யாரும் இருக்கக் கூடாது. எனவே, ஒரே வண்டியாக அமைந்ததே மேல்.

அதில் பெரிதா, சிறிதா? மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்டால் அது சட்டப்படி இலகு ரக வாகனம். அத்தகைய வாடகை வண்டியையும் சாதாரண இலகு ரக லைசென்ஸோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. 10 டன் வண்டிக்கு அதற்குரிய லைசென்ஸ் பெற்ற டிரைவர் வேண்டும். அவருக்குப் படுக்க இடமும் வேண்டும். 55 வயதுக்கு மேற்பட்டவருக்கு லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கே புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே இன்று தந்தையாரே ஓட்டுவதாக இருந்தாலும், நாளை யார் ஓட்டுவார் என்பதைக் குடும்பத்தில் இப்போதே பேசிவிட வேண்டும். இரண்டு பெரியவர்கள் மட்டும் போவதாக இருந்தால், கும்பகோணத்துச் சந்துகளிலும் திரும்பக்கூடிய சிறு வண்டியே உத்தமம்.

செலவைக் குறைப்பதற்காகப் பழைய வானை வாங்கி மூலைப் பட்டறையில் கேரவனாக மாற்றிவிடலாம் என்று ஆலோசனை சொல்வோர் உண்டு. பதிவுபெற்ற வண்டியை இஷ்டம்போல் மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிப்பதில்லை. கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 என்னும் தர நிர்ணயம் இருக்கிறது. வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் ஒன்று அதே ஒரகடத்தில் இருக்கிறது. சான்றிதழைக் கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒத்த அமைப்புள்ள வண்டி ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, பெரியவர்களோடு அருகிலுள்ள வல்லக்கோட்டை முருகன் கோயில் வரையிலாவது போய், இரவு அதிலேயே தங்கிப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு அவர்களைத் தனியே போய் வரச் சொல்லுங்கள். படியை எத்தனை முறை கைப்பிடியைப் பற்றி ஏறினார்கள், எங்கே தயங்கினார்கள் என்பதைக் காகிதத்தில் குறித்து, அந்தக் குறிப்பையே பட்டறைக்காரரிடம் கொடுங்கள். மறுநாள் காலையில் பாட்டி தயங்காமல் ஒரு செம்புத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தாளானால், வண்டி தேறிவிட்டது என்று நிச்சயமாகச் சொல்லலாம்.