கிள்ளானில் மின்னல், இடியைக் காணோம்

மாலை ஏழரைக்கு பிரிக்பீல்ட்ஸ் அஞ்சடியில் தே தாரேக்கோடு உட்கார்ந்து மேற்கே பாருங்கள். மின்னல் வெட்டும், இடி கேட்காது. பக்கத்து மேசைக்காரர் "கிள்ளான்ல மழை" என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரிதான்.

கிள்ளான் இங்கிருந்து நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இடியோ பொதுவாக 20, 25 கிலோமீட்டரைத் தாண்டாது. தூரம் போகப்போகச் சத்தம் தேய்வது மட்டும் காரணமல்ல. தரையருகே காற்று வெக்கை, மேலே குளிர். வெக்கைக் காற்றில் ஒலி வேகமாக ஓடுவதால் அலை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது.

கிட்டத்து இடியென்றால் எண்ணலாம். நம் ஊர்ச் சூட்டில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். மின்னி ஒன்பது விநாடியில் இடித்தால் மூன்று கிலோமீட்டர். ஆனால் வெளிச்சம் வானமெங்கும் பரவியிருந்தால் அது பங்சார் பக்கமா, புடு பக்கமா? கணக்கு சொல்லாது.

திசைக்குப் பல காதுகள் வேண்டும். நம் இரு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம் ஒரு மில்லி விநாடிகூட இல்லை. மூளைக்கு அதுவே போதும். வியன்னாவிலிருந்து அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்கும் அமைப்பு இதையே பெரிய அளவில் செய்கிறது. காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலிகள் வெகுதூரம் போகும். மேல்வளிமண்டலம் அவற்றை மறுபடி கீழே வளைத்தும் விடும். அவற்றைப் பிடிக்க நாலைந்து நுட்பமான அழுத்தமானிகளை ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளித்தள்ளி வைக்கிறார்கள். எது முதலில் அசைந்தது, எது எவ்வளவு பிந்தியது என்று பார்த்தால் அலை வந்த திசை கிடைக்கும். ஒரு நிலையம் தருவது ஒரு கோடு. இன்னொரு நிலையத்தின் கோடு அதை வெட்டும் இடத்தில்தான் தேட வேண்டும். (கேமரன் மலை தானா ராத்தாவிலும் அந்த அமைப்பின் நிலையம் உண்டு. அது கதிரியக்கத் துகளை மோப்பம் பிடிப்பது; ஒலிக்கானது அல்ல.)

1883 ஆகஸ்ட் 27-இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது இந்த வசதி கிடையாது. 4,800 கிலோமீட்டர் தள்ளியிருந்த ரோட்ரிக்ஸ் தீவில்கூட அதைப் பீரங்கிச் சத்தமென்றே நினைத்தார்கள். பிறகு பிரிட்டிஷ் ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி பல ஊர்களின் காற்றழுத்தப் பதிவுகளைச் சேர்த்து, வெடித்த நேரம் காலை பத்து மணிவாக்கில் என்று பின்னோக்கிக் கணக்கிட்டார். கிழக்கே போன அலையும் மேற்கே போன அலையும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. காற்று அலையைத் தள்ளும், இழுக்கும், பக்கவாட்டில் சாய்க்கும். அதனால்தான் இன்றும் பல நிலையங்களின் கோடுகள் ஒரே புள்ளியில் வெட்டுவதில்லை. அன்றைய மேல்காற்றின் விவரத்தையும் கணக்கில் சேர்த்தபிறகே வரைபடத்தில் வட்டம் போடுகிறார்கள்.