உங்களுக்குத் தெரியுமா? பாய்லர் மாற்றப் போகிறீர்களா, கொஞ்சம் பொறுங்கள்!

பிரிட்டனில் பத்து வீடுகளில் எட்டுக்கும் மேல் குளிர்காலத்தைக் கடத்துவது கேஸ் பாய்லரை நம்பித்தான். அந்த பாய்லர் பெரும்பாலும் நல்ல குளிரில்தான் காலை வாரிவிடும். வீட்டில் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, முதலில் வருகிறவர் சொல்கிற தொகைக்கே தலையாட்டிவிடுகிறோம். கையெழுத்துப் போடும் முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

● மொத்தம் எவ்வளவு ஆகும்?
பழைய காம்பி பாய்லரை (ரேடியேட்டரையும் குழாய் வெந்நீரையும் ஒன்றே பார்த்துக்கொள்ளும் வகை) கழற்றிவிட்டு அதே இடத்தில் புதியதை மாட்ட, கூலியும் சேர்த்து, பொதுவாக 2000 முதல் 3500 பவுண்டு வரை ஆகும். விளம்பரத்தில் வரும் விலை பல நேரம் பாய்லருக்கு மட்டும்தான். கூலி, புகைக்குழாய், தெர்மோஸ்டாட், குழாய்களைச் சுத்தம் செய்வது, 20 சதவீத வாட் வரி எல்லாம் அதற்கு மேல். கொட்டேஷனில் இவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

● நின்றுபோன பாய்லரெல்லாம் பழுதான பாய்லர் அல்ல
கடுங்குளிர் காலையில் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றால், வெளிச்சுவரில் இறங்கும் பிளாஸ்டிக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். பாய்லரிலிருந்து வடியும் நீர் அதில் உறைந்து அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான நீரை அதன்மேல் ஊற்றி, ரீசெட் பட்டனை அழுத்தினால் பல நேரம் ஓடத் தொடங்கிவிடும். கொதிநீர் மட்டும் வேண்டாம். பிரஷர் முள் 1 பாருக்குக் கீழே இறங்கியிருந்தாலும் பாய்லர் நிற்கலாம். கையேட்டைப் பார்த்து நீங்களே தண்ணீர் ஏற்றிவிடலாம்.

● இடம் மாறினால் செலவும் மாறும்
சமையலறையில் இருக்கும் பாய்லரை மாடிக்கோ லாஃப்டுக்கோ கொண்டுபோனால் கேஸ் குழாய், தண்ணீர்க் குழாய், புகைக்குழாய் எல்லாமே இடம் மாற வேண்டும். பல நூறு பவுண்டு கூடிவிடும். லாஃப்டில் தொட்டியும் அலமாரிக்குள் சிலிண்டரும் உள்ள பழைய அமைப்பை எடுத்துவிட்டு காம்பிக்கு மாறினாலும் அப்படித்தான். ஒரு நாளில் முடிகிற வேலை இரண்டு நாளுக்கு இழுக்கும்.

● பெரிய பாய்லர் என்றால் நல்ல பாய்லரா?
சாதாரண வரிசை வீட்டின் ரேடியேட்டர்களுக்கு 10 கிலோவாட்டே பெரும்பாலும் போதும். காம்பி பாய்லரில் 24, 30, 35 என்று எழுதியிருப்பது குழாயில் வரும் வெந்நீருக்கான கணக்கு. 24 கிலோவாட் பாய்லர், தண்ணீரை 35 டிகிரி கூடுதலாகச் சூடாக்கி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 லிட்டர் தரும். ஒரு குளியலறை உள்ள வீட்டுக்கு இது பெரும்பாலும் போதும்.

● ஒரு வாளி போதும், உண்மை தெரிந்துவிடும்
சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்து, ஒரு நிமிடத்தில் வாளியில் எத்தனை லிட்டர் சேர்கிறது என்று அளந்து பாருங்கள். தெருக் குழாயிலிருந்து வருவதே 10 லிட்டர்தான் என்றால், 35 கிலோவாட் பாய்லர் மாட்டினாலும் அதற்கு மேல் ஒரு சொட்டு வராது. கூடுதலாகக் கொடுத்த பணம் வீண்.

● கேஸ் குழாயின் அளவு
பல பழைய வீடுகளில் பாய்லருக்குப் போகும் கேஸ் குழாய் 15 மில்லிமீட்டர்தான். புதிய காம்பிக்குப் பல வீடுகளில் 22 மில்லிமீட்டர் தேவைப்படும். வேலை பாதியில் இருக்கும்போது இதைச் சொன்னால் உங்களால் மறுக்க முடியாது. கொட்டேஷன் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

● ரேடியேட்டருக்கு அடியில் சேரும் கறுப்புச் சேறு
ரேடியேட்டரின் மேல்பகுதி சூடாகவும் அடிப்பகுதி சில்லென்றும் இருக்கிறதா? உள்ளே இரும்புத் துரு சேறாகப் படிந்திருக்கிறது என்று பொருள். திறந்துவிட்டால் மை போலக் கறுப்பாகக் கொட்டும். அதைக் கழுவாமல் புது பாய்லரை மாட்டினால், அந்தச் சேறு அதன் உள்பாகங்களையும் அடைத்துவிடும். வாரன்டி கேட்டால் நிறுவனம் கையை விரித்துவிடலாம். இப்படிக் கழுவ, அதாவது பவர் ஃப்ளஷ் செய்ய, 300 முதல் 600 பவுண்டு வரை ஆகும். துருவைப் பிடித்து வைக்கும் காந்த ஃபில்டரையும் கூடவே மாட்டச் சொல்லுங்கள். மாறாக, மேல்பகுதி மட்டும் சில்லென்று இருந்தால் அது வெறும் காற்று. சிறிய சாவியால் திறந்து வெளியேற்றிவிடலாம், செலவே இல்லை.

● அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள்
கேஸ் வேலை செய்கிறவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். இது சட்டம். 2009 ஏப்ரல் 1 முதல், பழைய கோர்கி பதிவேட்டுக்குப் பதிலாக இதுதான் நடைமுறையில் இருக்கிறது. அடையாள அட்டையின் முன்பக்கம் படமும் உரிம எண்ணும் முடிவு நாளும் இருக்கும். அவர் எந்தெந்த வேலை செய்யத் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கம் இருக்கும். கேஸ் அடுப்பு மாட்டத் தகுதி உள்ள எல்லாரும் பாய்லரைத் தொட முடியாது. தெரிந்தவர், நம் ஊர்க்காரர் என்பதற்காக இதைக் கேட்காமல் விடாதீர்கள்.

● ஒரு தாள், வீடு விற்கும்போது தேவைப்படும்
இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாய்லர் மாட்டியவர் அதை 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பிறகு கட்டட விதிமுறைச் சான்றிதழ் உங்களுக்கு வந்து சேரும். நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பவற்றில் இதுவும் ஒன்று. வரவில்லையென்றால் அன்றைக்கே கேளுங்கள்.

● 2005, 2018 விதிகள்
இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல் புதிய கேஸ் பாய்லர்கள், சில விதிவிலக்குகள் தவிர, கண்டென்சிங் வகையாக (வெளியேறும் புகையின் சூட்டையும் மீட்கும் வகை) இருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் வந்த பாய்லர் பிளஸ் விதி, 92 சதவீதத் திறன், நேரக் கட்டுப்பாடு, அறைத் தெர்மோஸ்டாட் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. காம்பி என்றால் எரிபொருள் சேமிக்கும் கூடுதல் வசதி ஒன்றும் வேண்டும். இவற்றை விலையில் சேர்க்காமல் ‘பிறகு மாட்டிக்கொள்ளலாம்’ என்று ஒருவர் சொன்னால், அவர் விதியை மீறுகிறார்.

● மாற்றிய பிறகும் மிச்சம் பிடிக்கலாம்
திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் பாய்லர் தன் முழுத் திறனைக் காட்டும். பல வீடுகளில் ரேடியேட்டருக்குப் போகும் நீரை 70, 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காம்பியாக இருந்தால் அதை 60க்குக் குறைத்துப் பாருங்கள், கேஸ் பில் குறையும். வெந்நீர் சிலிண்டர் உள்ள வீடுகளில் சிலிண்டர் நீர் 60 டிகிரிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் லீஜியோனெல்லா கிருமி பெருகும் ஆபத்து உண்டு.

● வாரன்டிக்கும் ஒரு நிபந்தனை உண்டு
5 ஆண்டு, 10 ஆண்டு, 12 ஆண்டு என்று வாரன்டி தருகிறார்கள். ஆண்டுதோறும் சர்வீஸ் செய்தால்தான் அது செல்லும். ஒரு சர்வீஸுக்கு ஏறத்தாழ 100 பவுண்டு. அதை மிச்சம் பிடிக்கப் போய் பல ஆண்டு வாரன்டியை இழக்காதீர்கள்.

● முன்பணத்தை கிரெடிட் கார்டில் கொடுங்கள்
1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75ஆம் பிரிவு: விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000க்குள்ளும் இருந்து, ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் நேரடியாக அந்த நிறுவனத்துக்குக் கட்டியிருந்தால், நிறுவனம் வேலையை முடிக்காமல் மூடிவிட்டாலும் கார்டு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும்.

● வாடகை வீட்டில் இருக்கிறீர்களா?
இங்கிலாந்தில் வீட்டைச் சூடாக்கும் அமைப்பையும் வெந்நீர் அமைப்பையும் சீர்செய்து வைப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆண்டுதோறும் கேஸ் பாதுகாப்புச் சோதனை செய்து அதன் பதிவை உங்களிடம் தருவதும் அவர் கடமை. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், பாய்லர் உள்ள வசிப்பறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் அவரே வைக்க வேண்டும். வெளியே போகச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து உங்கள் பணத்தில் பாய்லர் வாங்காதீர்கள்.

● ஹீட் பம்புக்கு மானியம்
இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு, வெளியிலுள்ள வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைப்பவர்களுக்கு 2023 அக்டோபரிலிருந்து மானியம் 7500 பவுண்டு. 2027 மார்ச் வரை வாட் வரியும் இல்லை. மானியம் போக, பல வீடுகளில் பாய்லரைவிட இதற்குச் செலவு கூடுதலாகவே வரும். இரண்டுக்கும் விலை வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

● எப்போது மாற்றுவது?
பாய்லரின் ஆயுள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டு. உங்களுடையது அந்த வயதை எட்டிவிட்டால் குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டாம். கோடையிலேயே மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். வயதான அப்பா அம்மா தனியாக இருக்கும் வீடுகளில் இதை அவர்களுக்காகப் பிள்ளைகள் செய்து கொடுங்கள். கடைசியாக ஒன்று: இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து எங்கிருந்தாலும், கேஸ் வாடை வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து, 0800 111 999 என்ற எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். இந்த எண்ணை இன்றைக்கே உங்கள் செல்போனில் சேமித்து வையுங்கள்.