பழைய கம்பி, புதிய மணி: செவிலியர் அழைப்பு முறையை மாற்றும் முன்

சிறிய மருத்துவமனைகளும் நர்சிங் ஹோம்களும் சீரமைப்புக் கடன் கோரி வங்கியை அணுகும்போது தரும் விலைப்புள்ளிகளில், செவிலியர் அழைப்பு முறை பெரும்பாலும் ஒற்றை வரியாகவே இடம்பெறுகிறது. “பழையதை அகற்றி, முழு வயரிங்குடன் புதியது பொருத்துதல்” என்பதே அந்த வரி. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அந்த ஒரு வரியைச் சற்று நின்று ஆராய்வது நல்லது. கேபிளும் கருவிகளும் பெரும்பாலும் தாய்நாட்டிலிருந்தே வர வேண்டும். சென்னையிலிருந்து போர்ட் பிளேர், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரம், கடல்வழியே சுமார் 1,200 கி.மீ. தொலைவில் உள்ளது. கப்பல் வந்து சேர ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும்.

எது பழுதாகிறது?

ஓர் அழைப்பு முறையில் படுக்கையருகே பொத்தான், அறை வாயிலின் மேல் விளக்கு, செவிலியர் மேசையில் பலகையும் மணியும், இவற்றை இணைக்கும் கம்பி ஆகியவை உள்ளன. 1853-இல் லண்டன் ஹார்லி தெருவிலுள்ள மருத்துவ இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், மணி ஒலித்து ஓய்ந்த பின்னும் எந்த நோயாளி அழைத்தார் என்று காட்டும் அடையாளம் நிலைத்திருக்க வேண்டும் என வலியுறுத்தினார். அந்த நெறி இன்றும் மாறவில்லை. செவிலியர் படுக்கையருகே சென்று அணைக்கும் வரை அழைப்பு அழியக்கூடாது. எழுந்து நடக்க இயலாத முதியவருக்கு, அழைப்பு வீணாவது கீழே விழுவதில் போய் முடியலாம்.

இவற்றுள் விரைவில் தேய்பவை பொத்தான், ரிலே, விளக்கு, பலகை ஆகியவை. சுவருக்குள் குழாயில் செல்லும் செம்புக் கம்பி நெடுங்காலம் நிலைக்கும். ஆயினும் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழையும் உப்புக்காற்றும் உள்ள தீவுகளில் கம்பியின் முனைகளிலும் இணைப்புப் பெட்டிகளிலும் களிம்பு ஏறும். ஆகவே பழைய கம்பி முழுவதும் நல்லது என்றோ, முழுவதும் கெட்டது என்றோ சோதிக்காமல் முடிவு செய்யலாகாது.

சோதனை முதலில், விலைப்புள்ளி பிறகு

முதலாவது தொடர்ச்சிச் சோதனை. 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி 50 மீட்டர் தொலைவு சென்று திரும்பினால் மின்தடை சுமார் 3.5 ஓம் இருக்கும். 50 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தில் இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. 24 வோல்ட் முறைக்கு இது பொருட்டே அன்று. அளவு பன்மடங்கு கூடினால் இணைப்புகளை முதலில் பார்க்க வேண்டும். முனையை வெட்டிப் புதிதாக இணைத்தாலே பல நேரங்களில் சரியாகிவிடும்.

இரண்டாவது, மெகர் கொண்டு செய்யும் மின்காப்புச் சோதனை. குறைமின்னழுத்தச் சுற்றுகளை 250 வோல்ட்டில் சோதித்து, குறைந்தது 0.5 மெகாஓம் காட்ட வேண்டும் என்பது மின்துறை வழக்கம். அதற்கு முன் மின்னணுக் கருவிகளைக் கழற்றிவிட வேண்டும். ஈரத்தில் மின்காப்பு தளர்வதால், இச்சோதனையை மழைக்காலத்தில் செய்வது உண்மை நிலையைக் காட்டும்.

மூன்றாவது, இக்கம்பி 230 வோல்ட் மின்கம்பியுடன் ஒரே குழாயில் செல்கிறதா என்று பார்ப்பது. சென்றால் அந்தப் பகுதியில் மறுபயன்பாடு வேண்டாம்.

தேறிய கம்பியில், படுக்கைக்கு இரண்டு கம்பி போதுமான புதிய அழைப்பு முறைகளை இணைக்கலாம். கம்பி அறுந்தால் தானே எச்சரிக்கும் வசதி உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நன்று. பழைய கம்பிக்கு அதுவே காவல். செவிலியரும் நோயாளியும் பேசிக்கொள்ளும் வசதியோ கணினி வலையமைப்போ வேண்டுமெனில், மணிக்கம்பி அதற்கு ஏற்றதன்று. புதிய கேபிளே தேவை. கம்பியில்லா முறை சுவரை உடைக்காது என்றாலும், பேட்டரிகளை மறவாமல் மாற்றும் ஒழுங்கு அதற்கு வேண்டும்.

கணக்கு எப்படிப் பார்ப்பது?

முழு வயரிங்கின் செலவு கேபிள் விலையோடு முடிவதில்லை. சுவர் உடைப்பு, பூச்சு, வண்ணம், வேலை முடியும் வரை காலியாக இருக்கும் படுக்கைகளின் வருவாய் இழப்பு ஆகியவையும் சேரும். மேலும், மருத்துவச் சேவைக்குப் பொதுவாக ஜிஎஸ்டி விலக்கு உள்ளது. எனவே அச்சேவைக்காக வாங்கும் பொருள்களில் செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பப் பெற இயலாது. விலைப்புள்ளியில் உள்ள வரி முழுவதும் மருத்துவமனையின் செலவே.

ஆகவே விலைப்புள்ளியை நான்கு பகுதிகளாகக் கேளுங்கள்: சோதனைக் கட்டணம், கருவிகள், மாற்ற வேண்டிய கம்பிப் பகுதிகள் மட்டும், பராமரிப்பும் உதிரிப் பொத்தான்களும். சோதனை அறிக்கையை அத்துடன் இணையுங்கள். எந்தப் படுக்கையின் கம்பி தேறியது, எது தேறவில்லை என்ற பட்டியல் இருந்தால், கடன் தொகையைத் தேவைக்கு மிகாமல் வரையறுக்க உங்களுக்கும் வங்கிக்கும் எளிது. தேறாத கம்பியைச் சிக்கனம் கருதித் தக்கவைக்கவும் வேண்டாம்.

பணியை ஒரு வார்டு முடிந்த பின் அடுத்தது என நடத்துங்கள். புதிய முறை ஒவ்வொரு படுக்கையிலும் பகலிலும் இரவிலும் சோதிக்கப்படும் வரை, அந்த வார்டில் கைமணியோ கூடுதல் செவிலியரோ இருக்கட்டும். மின்தடையின்போதும் அழைப்பு ஒலிக்கும் வகையில் யுபிஎஸ் இணைப்பு கட்டாயம் வேண்டும். ஒப்பந்ததாரரின் இறுதித் தவணையை, எல்லாப் படுக்கைகளிலும் பொத்தானை அழுத்திப் பார்த்துத் தலைமைச் செவிலியர் கையொப்பமிட்ட பின்னரே விடுவியுங்கள்.