குட்டிப் பருவத்து மருந்தும் வளர்ந்த பின் மீட்பும்

மனச்சோர்வுக்குத் தரப்படும் புளூவொக்செற்றீன், நரம்பணுக்கள் செரடோனினை மீள உறிஞ்சுவதைத் தடுக்கிறது. வளரும் மூளையில் அதே செரடோனின் நரம்பிணைப்புகளை உருவாக்கவும் உதவுகிறது. எனவே, மருந்து கொடுக்கப்படும் வயது முக்கியமாகிறது.

பிறந்த 4ஆம் நாள் முதல் 21ஆம் நாள் வரை இம்மருந்தைப் பெற்ற எலிக்குட்டிகள், வளர்ந்தபின் பதற்றம் காட்டியதைக் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். புதிய இடத்தைச் சுற்றிப் பார்க்க அவை தயங்கின.

மும்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யாவின் குழு இதைத் தொடர்ந்தது. மருந்துடன் சேர்த்துச் செரடோனின் 2ஏ, 2சி ஏற்பிகளை மறித்தபோது, பிற்காலப் பதற்றம் தோன்றவில்லை என 2014இல் காட்டியது. இது முற்காப்பு. மீட்பைத் தேடிய பின்னைய ஆய்வில், குட்டிப் பருவத்தில் மருந்து பெற்று வளர்ந்த எலிகளுக்கு விற்றமின் பி3இன் வடிவமான நிக்கொட்டினமைட் கொடுக்கப்பட்டது. நீச்சல் சோதனையில் அவை காட்டிய சோர்வு நடத்தை தணிந்தது. உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்திக்கு இவ்விற்றமின் தேவை.

எலிகளில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. கர்ப்பிணிகளும் இம்மருந்தை எடுப்பதுண்டு; ஆனால் கர்ப்பகால மனச்சோர்வைச் சிகிச்சையின்றி விடுவதும் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தே. மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது.