உங்களுக்குத் தெரியுமா? ஒரே மாவட்டம், இரண்டு ஆட்சிமுறை

திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலை நிர்வகிப்பது அரசின் அறநிலையத்துறை. அதிகாரம் சென்னையிலுள்ள ஆணையரிடமிருந்து படிப்படியாக இறங்கிச் செயல் அலுவலரிடம் வந்து சேரும்.

ஐம்பது கிலோமீட்டருக்குள் சிதம்பரம். அங்கே நடராசர் கோயில் பொது தீட்சிதர்கள் என்ற அர்ச்சகர் சமூகத்தின் கையில். திருமணம் ஆனதும் ஒரு தீட்சிதருக்கு நிர்வாகத்தில் பங்கு கிடைத்துவிடும். பரம்பரைத் தலைவர் என்று ஒருவர் இல்லை. ஆனால் உரிமை பிறப்பால் வருவது, அதுவும் ஆண்களுக்கு மட்டும். வெளியார் யாரும் நிர்வாகத்துக்குள் வர முடியாது. பழைய ஏதென்ஸ் நகரின் மக்களாட்சியும் ஏறக்குறைய இப்படித்தான்: குடிமக்கள் சபையில் சமம், பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்நியருக்கும் வாக்கில்லை. தீட்சிதர்களின் முறையை மக்களாட்சி என்பதைவிடச் 'சமமான சிலரின் ஆட்சி' என்பதே பொருந்தும்.

1987இல் அரசு சிதம்பரம் கோயிலுக்கும் செயல் அலுவலரை நியமித்தது. வழக்கு நீண்டது. 2014 ஜனவரி 6 அன்று உச்சநீதிமன்றம் தீட்சிதர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நிர்வாகம் சீர்கெட்டால் அரசு தலையிடலாம். குறை சரியானதும் பொறுப்பைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றது. மாநிலங்களில் வரும் குடியரசுத் தலைவர் ஆட்சிக்காவது மூன்றாண்டு உச்சவரம்பு உண்டு. 1987இன் செயல் அலுவலர் நியமனத்திலோ கால வரம்பே குறிப்பிடப்படவில்லை!